பாண்டி என்பது ஊரா, வசையா?

போன மாதம் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகள், புத்தகப் பையைக்கூட இறக்கி வைக்காமல் ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்பா, பாண்டின்னா பாண்டிச்சேரிதானே?"

"ஆமா கண்ணு. எதுக்குக் கேக்கற?"

"இல்லப்பா, கிளாஸ்ல ஒருத்தி என்னைப் 'போடி பாண்டி'ன்னு சொன்னா. நாம கரூர்தானே? நான் பாண்டிச்சேரியைப் பார்த்ததுகூட இல்லையே?"

ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். நாங்கள் தம்பானூருக்குக் குடிவந்து முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை. மாற்றல் உத்தரவு வந்தால் பெட்டியைக் கட்டுவது வங்கிக்காரன் பிழைப்பு. பிள்ளைகளுக்கு அது புரிகிறதா என்று யாரும் கேட்பதில்லை. சமையலறையிலிருந்து என் மனைவி "சின்னப் பசங்க சண்டை, விடுங்க" என்றாள். நானும் விட்டிருப்பேன். ஆனால் அதே வாரத்தில் வங்கியில் இன்னொன்று நடந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். சொல்லத்தான் வேண்டும், தப்பு என்னுடையது.

முதலில் மகளின் கேள்வி. நான் படித்தது பி.காம். சரித்திரம் எனக்குப் பத்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் பிள்ளை கேட்டுவிட்டாள் என்று கொஞ்சம் தேடிப் படித்தேன். படித்ததில் எனக்குப் புரிந்ததை எழுதிவைக்கிறேன். வெளியூரில் பிள்ளைகளை வளர்க்கும் உங்களுக்கும் என்றாவது இந்தக் கேள்வி வரும்.

பாண்டிச்சேரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மலையாளத்தில் பாண்டி என்றால் பாண்டிய நாடு. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே இருப்பதெல்லாம் பாண்டிநாடு. முதலில் அது வெறும் திசைக் குறிப்புதான், நாம் மலையாளக் கரை என்று சொல்வதைப் போல. பிறகு அங்கிருந்து வரும் லாரி பாண்டி லாரி ஆனது, அங்கிருந்து வரும் ஆளும் பாண்டி ஆனான். 2005ல் 'பாண்டிப்பட' என்று ஒரு மலையாளப் படமே வந்தது. திலீப்தான் கதாநாயகன், கதை நடப்பது தமிழ்நாட்டில். இன்று ஒரு மலையாளி இன்னொருவரிடம் "அவன் பாண்டி" என்றால் அதில் ஊர் விவரம் கொஞ்சம், இளக்காரம் நிறைய.

வேடிக்கை என்னவென்றால், பெயரில் ஒரு குறையும் இல்லை. மதுரைப் பக்கம் போனால் பாண்டியன் பரம்பரை என்று போஸ்டர் அடித்து ஒட்டுகிறார்கள். கேரளத்திலேயே பந்தளம் ராஜகுடும்பமும் பூஞ்ஞாறு ராஜகுடும்பமும் தங்கள் வம்சம் பாண்டிய வம்சம் என்று பெருமையாகச் சொல்கின்றன. ஐயப்பன் வளர்ந்த வீடு பந்தளம். அப்படிப் பார்த்தால் சபரிமலைக்கு மாலை போடும் ஒவ்வொருவரும் பாண்டிய வீட்டுப் பிள்ளையைத்தான் கும்பிடப் போகிறார்கள்! திருச்சூர் பூரத்தில் வடக்குந்நாதன் கோயிலுக்குள் நடக்கும் இலஞ்ஞித்தற மேளம் கேட்டிருக்கிறீர்களா? ஊரே கையைத் தூக்கித் தாளம் போடும். அந்த மேளத்தின் பெயர் பாண்டி மேளம். செண்டையில் வந்தால் பாண்டிக்குக் கைதட்டு, லாரியில் வந்தால் பாண்டிக்குக் கேலி.

ஆகவே பெயரில் தப்பில்லை. பிறகு ஒரு நாட்டின் பெயர் எப்படி வசையானது? இந்தக் கணக்கில் பற்றும் உண்டு, வரவும் உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் கணக்கு நேராகாது.

தம்பானூரிலிருந்து தலைமைச் செயலகம் போக பஸ் ஏறினால் கண்டக்டர் "ஸ்டாச்சு, ஸ்டாச்சு" என்று கூவுவார். இறங்க வேண்டிய இடத்தின் பெயரே ஸ்டாச்சு. யாருடைய சிலை என்று பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது. அது சர் டி. மாதவராவ் சிலை. கும்பகோணத்தில் பிறந்த தஞ்சாவூர் மராத்திக் குடும்பத்துக்காரர். 1872 வரை திருவிதாங்கூர் திவானாக இருந்தவர். எதிரே இருக்கும் செயலகக் கட்டிடம் அவர் காலத்தில் எழுந்ததுதான். அவருக்குப் பிறகு திவானாக வந்த சேஷய்ய சாஸ்திரியும் தஞ்சாவூர்ச் சீமைக்காரர். திவான்கள் மட்டுமல்ல, பெரிய உத்தியோகங்களில் பலவற்றிலும் மலைக்குக் கிழக்கிலிருந்து வந்த பிராமணர்களே உட்கார்ந்திருந்தார்கள். உள்ளூரில் படித்து வந்த மலையாளிகளுக்கு வேலை இல்லை. யாருக்குத்தான் வயிறு எரியாது?

1891 ஜனவரியில் 10,028 பேர் கையெழுத்திட்டு மகாராஜா ஸ்ரீமூலம் திருநாளிடம் ஒரு மனு கொடுத்தார்கள். மலையாளி மெமோரியல் என்று சரித்திரத்தில் அதற்குப் பெயர். ஜி. பரமேஸ்வரன் பிள்ளை அதில் முன்னணியில் நின்றவர். திருவிதாங்கூர் திருவிதாங்கூர்காரர்களுக்கே என்பதுதான் கோஷம். வெளியிலிருந்து வந்தவர்களைக் குறிக்க அவர்கள் சொன்ன சொல் 'பரதேசி'. மலையாளத்தில் அதற்கு வேற்றுநாட்டான் என்று பொருள். கொச்சியில் இருக்கும் யூதர் ஆலயத்துக்கும் பரதேசி சினகாக் என்றே பெயர். தமிழில் அந்தச் சொல் எங்கே போய் விழுந்தது என்று உங்களுக்கே தெரியும். வீட்டு வாசலில் பிச்சைக்கு நிற்பவனை நாம் பரதேசி என்கிறோம். ஊர்விட்டு ஊர் போனவன் என்பதே ஒரு திட்டு ஆகிவிடுகிறது பாருங்கள். இது எல்லா மொழியிலும் நடக்கிற காரியம் போல.

மனுக் கொடுத்தவர்கள் கேட்டது நியாயம் என்றே நினைக்கிறேன். நான் அந்தக் காலத்தில் இங்கே பிறந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆக, கோபம் முதலில் மேலே பார்த்துப் போனது, அதிகாரத்தில் இருந்த தமிழ்நாட்டுக்காரனைப் பார்த்து. பிற்காலத்தில் நிலைமை தலைகீழானது. 1970களுக்குப் பிறகு மலையாளிகள் வளைகுடாவுக்குப் போனார்கள். அங்கிருந்து வந்த பணத்தில் இங்கே வீடுகள் எழுந்தன. அந்த வீடுகளுக்கு அஸ்திவாரம் தோண்டவும் செங்கல் சுமக்கவும் மலையைத் தாண்டி வந்தவர்கள் தமிழர்கள். திவானாக இருந்தபோது பரதேசி, சித்தாளாக வந்தபோது பாண்டி. மேலே போன கோபம் கீழே இறங்கி இளக்காரம் ஆகிவிட்டது. என் மகள் கேட்டது அந்த இரண்டாவது பாண்டியை.

ஊர்ப்பெயரை வைத்துக் கேலி செய்வதெல்லாம் தப்பு என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட வேண்டாம். கேலிகளில் உசத்தியானவையும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று இதே திருவிதாங்கூரில் பிறந்தது.

கடைசிப் பேர்பெற்ற திவான் சர் சி.பி. ராமஸ்வாமி ஐயர். சென்னையில் புகழ்பெற்ற வக்கீலாக இருந்தவர். 1936லிருந்து 1947 வரை இங்கே அவர் வைத்ததுதான் சட்டம். வெள்ளைக்காரன் கிளம்பும் நேரம். 1946 ஜனவரியில் அவர் ஒரு அரசியலமைப்புத் திட்டத்தை முன்வைத்தார். வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு, சட்டசபை எல்லாம் உண்டு. ஆனால் நிர்வாகம் திவான் கையில். சட்டசபையால் அவரை இறக்க முடியாது. அமெரிக்காவில் ஜனாதிபதியை நாடாளுமன்றம் நினைத்த நேரத்தில் இறக்க முடியாதல்லவா, அந்த மாதிரி. அதனால் 'அமெரிக்கன் மாடல்' என்று பெயர். ஜனங்கள் விட்டார்களா? அமெரிக்கன் மாடலை அரபிக்கடலில் போடு என்று கோஷம் கிளம்பியது. உலகத்திலேயே பணக்கார நாட்டின் பெயரை எடுத்து, திவான் அதிகாரத்துக்கு அடைமொழியாக்கி, கடலில் வீசச் சொல்லிவிட்டார்கள்! அந்த வருஷம் அக்டோபரில் புன்னப்புராவிலும் வயலாரிலும் கயிற்றுத் தொழிலாளர்களும் மீனவர்களும் கூலிகளும் அந்தக் கோஷத்தோடு நின்றார்கள். ராணுவம் சுட்டது, ஏராளமானவர்கள் செத்தார்கள். 1947 ஜூனில் சி.பி. திருவிதாங்கூர் தனிநாடு ஆகும் என்று அறிவித்தார். ஜூலை 25ஆம் தேதி இதே திருவனந்தபுரத்தில் ஒரு சங்கீதக் கச்சேரிக்கு வந்த இடத்தில் அவரை வெட்டினார்கள். உயிர் பிழைத்தார், பதவி போயிற்று. தனிநாடும் போயிற்று.

இன்னொரு கேலிப் பெயரும் இங்கே ரொம்பப் பிரசித்தம். 1892ல் விவேகானந்தர் கேரளத்து வழியாகக் கன்னியாகுமரிக்குப் போனார். வழியில் அவர் பார்த்த தீண்டாமை, சில ஜாதிக்காரர்கள் தெருவில் நடக்கக்கூடக் கூடாது என்ற கொடுமை, எல்லாம் அவரை உலுக்கிவிட்டது. 1897ல் சென்னையில் பேசும்போது மலபாரைப் பைத்தியக்கார விடுதி என்றே சொல்லிவிட்டார். மலையாளத்தில் பிராந்தாலயம். நம் ஊரை யாராவது இப்படிச் சொன்னால் கொடும்பாவி கொளுத்துவோம். மலையாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தப் பெயரை எடுத்து வைத்துக்கொண்டார்கள். மேடைக்கு மேடை, பிராந்தாலயமாக இருந்த நாடு நாராயண குருவும் ஐயன்காளியும் வந்து எப்படி மாறியது என்று இன்றும் சொல்கிறார்கள். சுடும் பெயர்தான், ஆனால் சுட்டது அநியாயத்தை. அதனால் ஏற்றுக்கொண்டார்கள்.

வெளிநாட்டிலிருந்து ஒன்று சொல்கிறேன். வட அயர்லாந்தில் ஒரு நகரம். கத்தோலிக்கர்களில் பெரும்பாலோருக்கு அது டெர்ரி. பிரிட்டன் பக்கம் நிற்கிறவர்களுக்கு லண்டன்டெர்ரி. எந்தப் பெயரைச் சொல்கிறாய் என்பதை வைத்தே நீ எந்தக் கட்சி என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பொதுவாக எழுதுகிறவர்கள் இரண்டையும் போட்டு நடுவில் ஒரு சாய்கோடு போடுவார்கள். ஆங்கிலத்தில் அந்தக் கோட்டுக்கு ஸ்ட்ரோக் என்று பெயர். அந்த ஊர் ரேடியோக்காரர் ஜெர்ரி ஆண்டர்சன் இரண்டு பெயரையும் தள்ளிவிட்டு, கோட்டையே ஊர்ப்பெயராக்கிவிட்டார்: ஸ்ட்ரோக் சிட்டி. சண்டை போட்ட இரண்டு பக்கமும் சிரித்தது. இந்தக் கேலி குத்தியது மனிதர்களை அல்ல, சண்டையை.

அமெரிக்கன் மாடல் அதிகாரத்தைக் குத்தியது, பிராந்தாலயம் அநியாயத்தைக் குத்தியது, ஸ்ட்ரோக் சிட்டி பிடிவாதத்தைக் குத்தியது. பாண்டி குத்துவது பிறப்பை. ஒருவன் அநியாயத்தை விட்டுவிடலாம், பிடிவாதத்தை விட்டுவிடலாம். பிறந்த ஊரை எப்படி விடுவான்? இந்த வித்தியாசம் எனக்குப் பிடிபட்ட பிறகுதான் மகளுக்குப் பதில் சொல்லலாம் என்ற தைரியம் வந்தது.

இனி வரவுப் பக்கம். பாண்டி என்று கேட்டவர்கள் என்ன செய்தார்கள்?

தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் பஸ் ஏறினால் சுமார் 65 கிலோமீட்டர். 1979ல் ரயில் பாதை வரும்வரை பஸ்தான் கதி. இன்று வழியில் மாநில எல்லையைத் தாண்டுகிறோம். 1956 வரை அந்த எல்லை இல்லை, நாஞ்சில் நாடு முழுக்கத் திருவிதாங்கூர்தான். அங்கே தமிழர்கள் யாரும் வந்தேறிகள் அல்ல, காலங்காலமாக அந்த மண்ணில் இருந்தவர்கள். ஆனால் தலைநகரம் மலையாளம் பேசியது. தாலுகா ஆபீஸ், கோர்ட், பள்ளிக்கூடம் எங்கும் தமிழுக்கு இரண்டாம் இடம். சொந்த வீட்டில் இருந்துகொண்டே பாண்டி ஆகிப்போன கதை அது.

1945 டிசம்பரில் நாகர்கோவிலில் ஒரு கட்சி தொடங்கினார்கள். சாம் நத்தானியல் முன்னின்றார். பெயர் அகில திருவிதாங்கூர் தமிழர் காங்கிரஸ். அடுத்த வருஷமே, 1946ல், பெயரை மாற்றினார்கள்: திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். இந்த மாற்றத்தைப் படித்தபோது ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டேன். 'தமிழர்' என்பது 'தமிழ்நாடு' ஆகிவிட்டது. ஆளைச் சொன்ன பெயர் மண்ணைச் சொல்லும் பெயராயிற்று. 1946ல் சர்க்கார் வரைபடத்தில் தமிழ்நாடு என்று ஒரு மாநிலமே கிடையாது. மதராஸ் மாகாணம்தான் இருந்தது. காங்கிரஸ் மட்டும் 1920லிருந்து தன் மாகாணக் கமிட்டியை அந்தப் பெயரில் நடத்தி வந்தது. இல்லாத மாநிலத்தின் பெயரை, வேறொரு ராஜாவின் சீமைக்குள் இருந்துகொண்டு, பலகையில் எழுதி மாட்டினார்கள். நீ எங்களைப் பாண்டி என்கிறாயா, எங்கள் நாட்டுக்கு நாங்களே வைத்த பெயர் இது. அவர்கள் இப்படி நினைத்தார்களா என்பது எனக்குத் தெரியாது, எனக்கு அப்படித்தான் கேட்டது.

பெயர்ப்பலகையோடு நிற்கவில்லை. வக்கீல் நேசமணி தலைமைக்கு வந்தார். 1948 தேர்தலில் 14 இடம் பிடித்தார்கள். 1954 தேர்தலில் திருவிதாங்கூர்–கொச்சி சட்டசபையில் 12 இடம். அந்த வருஷம் ஆகஸ்ட் 11ஆம் தேதி, தமிழ்ப் பகுதிகளைப் பிரித்துத் தரக்கேட்டு விடுதலை நாள் என்று அறிவித்து ஊர்வலம் போனார்கள். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின. அப்போது முதலமைச்சர் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுபிள்ளை. அவர் கட்சியிலேயே பொதுச் செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா, சோஷலிஸ்ட் அரசு ஜனங்களைச் சுடலாமா, ராஜினாமா செய் என்றார். மலையாளி, தமிழன் என்று பார்க்காமல் சொந்தக் கட்சிக்காரரைக் கேட்ட அந்த வடநாட்டுக்காரரையும் நாம் மறக்கக்கூடாது.

1955ல் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அறிக்கை கொடுத்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாக மதராஸ் மாநிலத்துக்கு வந்தன. செங்கோட்டையில் ஒரு பகுதியும் வந்தது. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை, சித்தூர் வரவில்லை. கேட்டதில் பாதி வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். கேரளத்துக்கு நவம்பர் 1 பிறந்தநாள், கேரளப்பிறவி என்று முண்டு கட்டி, செட்டுப்புடவை உடுத்திக் கொண்டாடுகிறார்கள். எங்கள் கிளையிலும் அன்று எல்லாரும் கசவுக் கரையில்தான் வருவார்கள். அதே நாளில் நாகர்கோவிலில் நேசமணி சிலைக்கு மாலை. 65 கிலோமீட்டரில் ஒரே தேதிக்கு இரண்டு அர்த்தம்.

ஆனால் வந்து சேர்ந்த மாநிலத்துக்கு இன்னமும் தமிழ்நாடு என்று பெயர் இல்லை! அந்தப் பெயரும் சில கோரிக்கைகளும் வேண்டுமென்று விருதுநகரில் சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27ஆம் தேதி உண்ணாவிரதம் தொடங்கினார். 76 நாள். அக்டோபர் 13ஆம் தேதி உயிர் போயிற்று. குமரி வந்து சேர இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. 1967 ஜூலை 18ஆம் தேதி அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டசபையில் தீர்மானம் நிறைவேறியது. 1969 ஜனவரி 14ஆம் தேதி பெயர் நடைமுறைக்கு வந்தது. நாகர்கோவில்காரர்கள் பலகை மாட்டி 23 வருஷம் கழித்து! 2023 ஜனவரியில் அப்போதைய ஆளுநர் ஆர்.என். ரவி தமிழ்நாடு என்பதைவிடத் தமிழகம் என்பதே பொருத்தம் என்று பேசியபோது ஏன் அத்தனை கொந்தளிப்பு என்று என் மலையாளி நண்பர் ஒருவர் கேட்டார். ரெண்டும் ஒண்ணுதானே என்றார். அகராதியில் ஒன்றுதான் சார், ஆனால் ஒரு கிழவர் 76 நாள் பட்டினி கிடந்தது ஒரு பெயருக்குத்தான் என்றேன். அவர் புரிந்துகொண்டார். அவர் மாநிலமும் கேரளா அல்ல கேரளம் என்று எழுதவேண்டும் என 2023லும் 2024லும் சட்டசபையில் தீர்மானம் போட்டதுதானே.

ஒன்று கவனித்தீர்களா? பாண்டி என்ற வசைக்கு இவர்கள் பதில் வசை தேடவில்லை. தங்கள் பெயரைத் தாங்களே சொன்னார்கள், அது நிலைக்கும்வரை சொன்னார்கள்.

இந்த இடத்தில் முடித்திருந்தால் பெருமையாக இருந்திருக்கும். ஆனால் வங்கியில் நடந்ததைச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை, கூட்டம். ஒரு பையன், இருபத்திரண்டு வயது இருக்கும், கணக்குத் தொடங்க வந்து ஓரமாக நின்றான். சட்டையில் சிமெண்ட். நான் எங்கள் ஊழியரிடம், "அந்த பெங்காளியை உட்காரச் சொல்லுங்க, அப்புறம் பாக்கறேன்" என்றேன். கேரளத்தில் கட்டிட வேலைக்கு வரும் வடக்கத்திக்காரர் எல்லாரும் பெங்காளிதான். அஸ்ஸாமியும் பெங்காளி, பிஹாரியும் பெங்காளி. அரசாங்கம் அதிதி தொழிலாளி, அதாவது விருந்தினர் தொழிலாளி, என்று மரியாதையாகப் பெயர் வைத்திருக்கிறது. வாயில் வருவதோ பெங்காளி. எனக்கும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது.

பையனுக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் புரிந்திருக்கிறது. ஆதாரை நீட்டியபடி மெதுவாகச் சொன்னான்: "சாப், பெங்காளி நஹீ. ஒடியா."

முகவரி கஞ்சம் மாவட்டம், ஒடிசா.

வீட்டில் இதையும் தேடிப் படித்தேன். கஞ்சம் 1936 வரை நம் மதராஸ் மாகாணத்தில் இருந்த ஜில்லா. ஒடியா தனி மொழியே அல்ல, வங்காளியின் கிளைதான் என்று 19ஆம் நூற்றாண்டில் வங்காளிகள் சிலர் வாதிட்டார்கள். அதை எதிர்த்து நின்று, வங்காளத்தோடும் மதராஸோடும் பிஹாரோடும் சிதறிக்கிடந்த ஒடியர்கள் ஒன்றுசேர்ந்து 1936 ஏப்ரல் 1ஆம் தேதி தனி மாகாணம் வாங்கினார்கள். மொழியை அடிப்படையாக வைத்து உருவான முதல் மாகாணம் அதுதான். நம் குமரிக்காரர்களுக்கு 20 வருஷம் முன்னோடிகள். 2011ல் ஒரிசா என்ற எழுத்தையும் ஒடிசா என்று திருத்திக்கொண்டார்கள். அந்தச் சனத்தில் பிறந்த பையனைப் பார்த்து நான் பெங்காளி என்கிறேன். அவன் தாத்தா காலத்துப் புண்ணில் சரியாக விரல் வைத்திருக்கிறேன். அதுவும் நானொரு பாண்டி.

பம்பாயில் 1966ல் சிவசேனை தொடங்கியபோது நம்மவர்களை மதராசி என்று விரட்டினார்கள். அதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்படுகிறோம். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களை என்ன செய்தோம்? அங்கே அவர்கள் இந்தியாக்காரர்கள், நீலகிரியில் இறங்கியதும் சிலோன்காரர்கள். அந்தப் பெயரை வைத்தது வேறு யாருமல்ல, நாம்தான். இன்று திருப்பூரிலும் சென்னையிலும் 'வடக்கன்' என்று சொல்கிறபோது நம் குரலில் இருப்பது திசையா, இளக்காரமா? கேட்டுப் பாருங்கள்.

அன்று ராத்திரி மகளை உட்காரவைத்து இதில் பாதியைச் சொன்னேன். பாண்டி மேளத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினேன். நாகர்கோவில் கதையைச் சொன்னேன். வங்கிக் கதையையும் ஒளிக்காமல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்: "அந்த அண்ணன்கிட்ட ஸாரி சொன்னியாப்பா?"

இல்லை. அவன் கணக்கை அன்றே தொடங்கிக் கொடுத்தேன், டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. பாஸ்புக் வாங்க அவன் வருவான். வரும்போது சொல்ல வேண்டும். பெயரைக் கேட்டுப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும்.

துபாய், சிங்கப்பூர், டொரான்டோ, பெங்களூர் என்று எங்கெங்கோ இருந்து படிக்கிறீர்கள். அந்தந்த ஊரில் உங்களை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எழுதுங்கள். கூடவே, நீங்கள் யாரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். பற்று, வரவு இரண்டும் இருந்தால்தான் கணக்கு நேராகும்.